போணியக்கா நீட்டாத விரல்

பத்துப் பேர் தயங்கி நிற்கிற இடத்தில் முதலில் நகர்கிற கால் போணியக்காவுடையதாகத்தான் இருக்கும். எங்கள் கடை கேன்டீனில் சமையல்காரர் மாறிய அன்று, சாம்பாரின் நிறத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் தட்டோடு நின்றோம். அவர் மட்டும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"நான் மொதல்ல சாப்புடறேன். எனக்கு ஒன்னும் ஆவலன்னா நீங்க சாப்புடுங்க. ஏதாவது ஆயிட்டா என் அப்பளத்தையும் நீங்களே எடுத்துக்குங்க."

சிரிப்போடு வரிசை நகர்ந்தது. யாராவது ஒருவர் முதலில் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒருவர் எப்போதும் அவர்தான்.

திருவண்ணாமலையில் கோயிலிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் இருக்கிற பெரிய ஜவுளிக்கடை அது. பெயர் வேண்டாம். இன்னமும் என் சோறு அங்கேதான். டெலிவரி கவுண்டரில் பில்லைப் பார்த்து, முத்திரை குத்தி, பையை எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அதிகம் பேசத் தேவையில்லை என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடிக்கும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டுமென்றால் இந்த வயதிலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு தடவை மகளைக் கல்லூரியில் சேர்க்க லீவு கேட்க வேண்டியிருந்தது. முதலாளி அறைக்கு வெளியே நெடுநேரம் நின்றேன். அந்தப் பக்கமாகப் புடவைக் கட்டோடு வந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கட்டைக் கீழே வைத்தார். கதவைத் திறந்தார். "மொதலாளி, இவரு ஒன்னு சொல்லணுமாம்" என்றார். என் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டு, கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு லீவு கிடைத்தது.

முதல் மாடியில் நூல்புடவைப் பிரிவில் இருந்தார். ஐம்பதைத் தொட்ட வயது. செங்கம் ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் போணியக்கா.

அந்தப் பெயரை வைத்தது எங்கள் பெரிய முதலாளி. கடை திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரத்தில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. என்றோ ஒரு பௌர்ணமி அன்று முதல் பில்லுக்கான பணத்தை அக்கா வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்று வியாபாரம் கொட்டியிருக்கிறது. பௌர்ணமி அன்று கிரிவலத்துக்கு வருகிற கூட்டத்தில் யார் கையால் போணி பண்ணினாலும் கொட்டத்தான் செய்யும். ஆனால் பெரியவர் அக்காவின் கைராசி என்று முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து எந்த மாடியில் முதல் பில் விழுந்தாலும் அக்கா கீழே இறங்கி வர வேண்டும். வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கி, கண்ணில் ஒற்றி, பெரியவரின் கையில் வைக்க வேண்டும். அதுவரை அடுத்த பில் போட மாட்டார்கள். போனில் பணம் அனுப்புகிற காலம் வந்த பிறகும் இது மாறவில்லை. முதல் வாடிக்கையாளரிடம் நோட்டு இல்லை என்றால், அவருடைய போனையாவது அக்கா ஒரு தடவை தொட்டுத் தர வேண்டும். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு முதியவர் தன் போனைப் பிடுங்கப் போகிறார்கள் என்று நினைத்து வெளியே ஓடியதும் உண்டு.

புதுப் பிரிவு திறந்தாலும், புது பில் மெஷின் வந்தாலும், முதல் கை அக்காவுடையதுதான்.

"நிஜமாவே கைராசி இருக்காக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இந்தக் கையால வச்ச முருங்கை இன்னிக்கு வரைக்கும் ஒரு காய் காய்க்கலப்பா. இந்தக் கையால சீட்டு கட்டினேன், சீட்டுக்காரன் ஊர விட்டே ஓடிட்டான். இதுல இன்னா ராசி இருக்குதுன்ற?"

"பின்ன ஏன் போணி பண்றீங்க?"

"அவருக்கு ஒரு பயம். பயந்தவங்களுக்கு யாராவது முன்னால நிக்கணும். நின்னுட்டுப் போறேன்."

கொரோனா சமயத்தில் கடையிலேயே தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டால் கை கால் விழுந்துவிடும், குழந்தை பிறக்காது என்று என்னென்னவோ பேச்சு. யாரும் முன்னே வரவில்லை. அக்கா போய் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்கு இனிமே புள்ள பொறந்தா ஊரே சிரிக்கும். மொதல்ல எனக்கே போடுங்கம்மா." அன்று சாயங்காலத்துக்குள் கடை முழுவதும் போட்டுக்கொண்டது. அது நல்ல காரியம். அதை மறுக்கவில்லை.

ஆனால் அன்று சின்ன முதலாளி ஒன்றைக் கவனித்துக்கொண்டார். பெரியவரின் மகன். வெளியூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். அக்கா உட்கார்ந்தால் எல்லோரும் உட்காருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து அவர் கடையில் ஊழியர் நலத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. கடை திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வந்து மூன்றாவது மாடியில் உடற்பயிற்சி செய்ய வேண்டும். அந்த முக்கால் மணிக்குச் சம்பளம் கிடையாது. கிராமத்திலிருந்து வருகிற பெண்கள் அதற்காக முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டிலேயே சமையலை முடிக்க வேண்டும். படிக்கட்டில் ஒரு படம் ஒட்டினார்கள்: படியேறினால் இதயத்துக்கு நல்லது. ஊழியர்கள் லிப்டில் ஏறக் கூடாது என்பது அதற்கு முன்பே கடையின் சட்டம். கவுண்டர்களுக்குப் பின்னால் ஸ்டூல்கள் இருந்தன. உட்கார வசதி தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு வாங்கிப் போட்டவை. வாடிக்கையாளர் இருக்கும்போது அதில் உட்காரக் கூடாது, வாடிக்கையாளர் இல்லாத நேரமே கிடையாது. இப்போது அதற்கு மேலேயும் ஒரு படம்: அதிக நேரம் உட்கார்ந்திருப்பது உடலுக்குக் கேடு.

இன்னொரு படம், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றது. எங்களுக்கான கழிப்பறை நாலாவது மாடியில். போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் பிளாஸ்டிக் டோக்கன் வாங்க வேண்டும். ஒரு மாடிக்கு ஒரே டோக்கன். போனவர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம்.

கீழே புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற பாய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார். பரம்பரையாக இந்த ஊரில் தையல் வேலை செய்கிற குடும்பம் அவருடையது. யாருக்கும் பயப்படாமல் பேசுவார்.

"தண்ணி ஜாஸ்தி குடிக்கணும், பாத்ரூம் கம்மியா போவணும். மிச்சத் தண்ணிய எங்கடா வச்சிக்கிறது? சேல்ஸ் கவுண்டர்லயா?"

முதல் நாள் உடற்பயிற்சிக்கு யாரும் போகவில்லை. ஆரோக்கிய நட்சத்திரம் என்று மாதம் ஒருவர் போட்டோவைச் சுவரில் மாட்டுவதாகச் சொன்னார்கள். அப்போதும் ஆள் சேரவில்லை. சின்னவர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். மறுநாள் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வரிசையில் நின்று கையைத் தூக்கினார். அதற்கடுத்த நாள் வரிசைகள் நிறைந்துவிட்டன.

"எதுக்குக்கா இந்த வேலை?" என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு நல்லதுன்னுதானப்பா சொல்றாங்க. நாள் முழுக்க நின்னு நின்னு எல்லாப் பொண்ணுங்களுக்கும் கால் நரம்பு சுருட்டிக்கினு கெடக்குது. ஏதோ ஒன்னு நல்லது நடந்தா நடக்கட்டுமே."

நல்லதென்று சொன்னால் நம்புகிறவர். அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். சின்னவர் மைக் பிடித்துப் பேசினார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். யாருக்கு என்ன வியாதி என்பது அவரவருக்கு மட்டும்தான் தெரியும், வெளியே போகாது என்றார். நான் அங்கேதான் நின்றேன். அந்த வார்த்தைகளை என் காதால் கேட்டேன்.

அக்கா முதல் ஆளாக விரலை நீட்டினார். ஒவ்வொருவராகப் போனோம். கடைசியில் பரிமளாவைக் காணோம். பரிமளா குழந்தைகள் உடுப்புப் பிரிவில் இருந்தவள். வேங்கிக்காலில் ஒற்றை அறை வாடகை வீடு. கணவர் பெங்களூரில் கட்டட வேலை, நினைத்தால் பணம் அனுப்புவார். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடியது.

அவள் துணி போட்டுப் பார்க்கிற அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா போய்த் தட்டினார்.

"தொறடி. ஒரு சொட்டு ரத்தம். எறும்பு கடிச்சா மாரிதான்."

"வேணாக்கா. எனக்கு ஏதாவது இருந்து நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காது."

"யாருக்குத் தெரியப் போவுது? அதான் மைக்குல சொன்னாரே. நான் இருக்கேன், வாடி."

கையைப் பிடித்து அழைத்து வந்து, நாற்காலியில் உட்கார வைத்து, குத்தி முடிகிறவரை அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் மெஷினைப் பார்த்துவிட்டு, "சுகர் ரொம்ப அதிகமா இருக்கேம்மா, டாக்டரப் பாருங்க" என்றார். பரிமளா அழுதாள். "அழுவாத. தெரிஞ்சது நல்லதுதான். மாத்திரை போட்டா அடங்கிடும்" என்றார் அக்கா. அவர் சொன்னதில் தப்பில்லை. தெரிந்தது நல்லதுதான். யாருக்குத் தெரிந்தது என்பதுதான் கேள்வி.

ஒரு வாரம் போயிருக்கும். சின்னவர் பரிமளாவைக் கூப்பிட்டார். அவள் அழுதுகொண்டே என் கவுண்டர் வழியாகத்தான் வெளியே போனாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"நாள் முழுக்க நிக்கிற வேல. கால்ல புண்ணு வந்தா கடைக்குக் கெட்ட பேரு. வீட்ல ரெஸ்ட் எடுங்க, உங்க நல்லதுக்குத்தான்னு சொல்லிட்டாருண்ணா. சம்பளத்தப் பத்திக் கேட்டேன். ரெஸ்ட்டுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களான்னாரு."

நிற்கிற வேலையில் கால் கெடும் என்றால் உட்காரச் சொல்லலாமே! ஸ்டூல் அங்கேதானே கிடக்கிறது! இது எனக்கே தோன்றியது, பத்தாவது படித்த எனக்கு. நிர்வாகம் படித்தவருக்குத் தோன்றவில்லை.

பரிமளா அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாத்திரை சாப்பிட்டாள். நடந்தாள். சர்க்கரை குறைந்தது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவள் திரும்பி வந்தபோது சின்னவர், "அடுத்த கேம்ப்ல பாக்கலாம்" என்றார். கேட்கப் போன அக்காவிடமும் அதையே சொன்னார். சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: "அக்கா, அடுத்த கேம்ப்புக்கும் நீங்கதான் முன்னால நிக்கணும். உங்களப் பாத்துதான எல்லாரும் வராங்க."

அக்கா படிக்கட்டில் அந்தப் படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அவ வரமாட்டேன்னா. கதவ மூடிக்கினு உக்காந்திருந்தா. நான்தான் இழுத்தாந்தேன். என் கையக் காட்டி அவ பொழப்பக் கெடுத்துட்டாங்கப்பா."

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை. "டோக்கன் காலியா இல்ல" என்றார்.

அடுத்த முகாமைப் பௌர்ணமி நாளில் வைத்தார்கள். பௌர்ணமிக்கு யாருக்கும் லீவு கிடையாது, அதனால் ஒருவரும் தப்ப முடியாது. கடை திறப்பதற்கு முன்னால் கீழ்த்தளத்தில் மேஜை போட்டு, நர்ஸ் வந்து, பெரியவர் குத்துவிளக்கு ஏற்றினார். எல்லோரும் பரிசோதனை செய்துகொண்டால் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் என்று சின்னவர் அறிவித்தார். மறுபடியும் குடும்பம் என்றார். ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. சர்க்கரை இருப்பது தெரிந்தே மறைக்கிறவர்கள் இருந்தார்கள். இருக்குமோ என்று பயப்படுகிறவர்கள் இன்னும் அதிகம். எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு.

"போணியக்கா வாங்க, போணி பண்ணுங்க!" என்றார் சின்னவர், மைக்கில்.

அக்கா வழக்கம்போல முதல் ஆளாக முன்னே போனார். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்து, பெரியவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். முந்தானையால் அதைத் துடைத்தார்.

"மொதலாளி, இன்னிக்குப் போணி நீங்க பண்ணுங்க."

சிலர் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பெரியவரும் சிரித்தார்.

"அப்பாவுக்கு எதுக்குக்கா?" என்றார் சின்னவர்.

"குடும்பம்னு சொன்னீங்களே. வீட்டுக்குப் பெரியவருதான மொதல்ல?"

பெரியவருக்கு வருகிற காபியில் சர்க்கரை கிடையாது என்பது கேன்டீனில் கப் கழுவுகிறவர் வரை தெரியும். சாப்பிட்டதும் சட்டைப்பையிலிருந்து மாத்திரை எடுப்பதும் தெரியும். அவர் கை இரண்டும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் போயின.

"எனக்குன்னு டாக்டர் இருக்காரும்மா. என் ஒடம்ப ஊருக்கெல்லாம் காட்டிக்கினு இருக்க முடியுமா?"

"இதையேதான் மொதலாளி பரிமளாவும் சொன்னா, அந்த ரூமுக்குள்ள உக்காந்துக்கினு. நான்தான் காதுல வாங்கல."

நர்ஸ் கையில் பஞ்சோடு நின்றார். அக்கா நாற்காலியை விட்டு நகர்ந்து எங்களோடு வந்து நின்றுகொண்டார். அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. சின்னவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவர்கள் அக்காவைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், நகரவில்லை. என் பெயரும் வந்தது. நகராமல் நிற்பது எனக்குக் கஷ்டமான காரியமில்லை. வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்திருக்கிறேன். அன்றைக்கு அது உதவியது.

ஷட்டர் தூக்குகிற நேரமாகிவிட்டது. வெளியே கூட்டம். நெல்லூர் பக்கத்திலிருந்து கிரிவலத்துக்கு வந்த ஒரு குடும்பம் முதலில் நுழைந்தது. மூன்று புடவை எடுத்தார்கள். பில் வந்தது. அந்த அம்மா நோட்டுகளை நீட்டினார். பெரியவர் கல்லாவில் அக்காவைப் பார்த்துக் காத்திருந்தார்.

அக்கா கிட்டே வந்தார். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நின்றார்.

"பரிமளா வந்து நிக்கட்டும் மொதலாளி. அவ கண்ணு முன்னால போணி பண்றேன்."

"இன்னாம்மா இது, பௌர்ணமியும் அதுவுமா!"

"நான் பண்ணலன்னு சொல்லல. அவ வரட்டும்ன்றேன்."

பின்னால் வரிசை நீண்டது. நெல்லூர் அம்மாவின் கணவர் தெலுங்கில் சத்தம் போட்டார். அக்கா அவருக்குத் தெலுங்கிலேயே, கொஞ்சம் பொறுங்கள், நல்ல காரியம் ஒன்று நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் பழையபடி நின்றார். சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்பா, இதெல்லாம் மூடநம்பிக்கை. நகருங்க, நானே வாங்கிப் போடறேன்."

கையை நீட்டினார். பெரியவர் அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார்.

"கைய எட்ரா! உன் திட்டத்தால வந்த வென இது. வண்டிய எடு. போய் அந்தப் பொண்ணக் கூட்டினு வா!"

வேங்கிக்கால் பக்கம்தான். சின்னவரே காரில் போனார். பரிமளா துணி துவைத்துக்கொண்டிருந்தவள், புடவை விளிம்பு ஈரத்தோடு வந்து இறங்கினாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அக்கா அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கையை வெளியே எடுத்து, பணத்தை வாங்கி, கண்ணில் ஒற்றி, பெரியவரிடம் கொடுத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபமாக எழுத வேண்டியதில்லை. அத்தனை பேர் பேசாமல் நின்றோம். டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். சட்டம் ஸ்டூல் போடச் சொல்கிறது. பெரியவர் இதில் எதற்கும் பயப்படவில்லை. ராசி கெட்டுவிடும் என்று மட்டும்தான் பயந்தார். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் மறுநாள் அந்தக் காரியத்தைச் செய்தார்.

மறுநாள் காலையில் போணிக்குக் கூப்பிட்டபோது, வேலைக்குத் திரும்பியிருந்த பரிமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"என் ராசி போயிடுச்சு மொதலாளி. நேத்து எவ்ளோ யாபாரம் பாத்தீங்க இல்ல? இவ காலெடுத்து வச்சதுக்கப்புறம்தான் அவ்ளோவும். இனிமே இவ கைதான்."

பௌர்ணமி வியாபாரம் அது. யார் வந்தாலும் வராவிட்டாலும் நடந்திருக்கும். பெரியவர் பரிமளாவை ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். சரி என்றார். பாய் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "புரியுதா உனக்கு? இனிமே அந்தப் பொண்ண ஒருத்தனும் வெளிய அனுப்ப முடியாது" என்றார். எனக்குப் புரிந்தது. பாய் சொல்லாத இன்னொன்றும் புரிந்தது. அக்காவை இனிமேல் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஊழியர்களிடையே போதிய ஆர்வம் இல்லாததால் நலத் திட்டம் நிறுத்தப்படுகிறது என்று. போதிய ஆர்வமில்லையாம்! இருட்டில் எழுந்து பஸ் பிடித்து வந்து கையைத் தூக்கி இறக்கியவர்களுக்கு ஆர்வமில்லையாம்!

மழைக்காலம் வருவதற்குள் சின்னவர் அக்காவைக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது, மாடி ஏறி இறங்கக் கஷ்டம், வீட்டில் ரெஸ்ட் எடுங்கள், உங்கள் நல்லதுக்குத்தான் என்றார். அக்கா மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு என் கவுண்டரைத் தாண்டும்போது நின்றார். "கேட்டியாப்பா, என் நல்லதுக்குத்தானாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் வேங்கிக்காலில் எங்கள் கடையின் கிளையைத் திறந்தார்கள். பெரியவருக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. தினப்படி போணிக்குப் பரிமளா சரி, புதுக் கடைக்குப் பழைய கைதான் வேண்டும் என்றார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பட்டுப் புடவை. அதைக் கொடுத்து என்னைக் காரில் அனுப்பினார்கள். அக்காவுக்கு வேண்டியவன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்களாம்.

அக்கா ரமணாசிரமம் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையலறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார், ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

"பாத்தியா, இங்க உக்காந்து நறுக்கச் சொல்றாங்கப்பா" என்றார், அதைத்தான் முதலில்.

தாம்பாளத்தை வைத்து விஷயத்தைச் சொன்னேன். புடவையின் கரையைத் தடவிப் பார்த்தார். நல்ல சரக்கு என்றார். தாம்பாளத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"போணிக்கு அங்க பரிமளா இருக்கா. நான் ரெஸ்ட்ல இருக்கேன்னு சொல்லு. அவங்க சொன்னதுதான். என் நல்லதுக்குத்தான்."

மறுபடி கேரட்டை எடுத்துக்கொண்டார்.

புதுக் கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். ரிப்பன் வெட்டி முடித்து, முதல் வாடிக்கையாளரும் தயார். சொந்தக்காரர்கள், கடைத்தெருக்காரர்கள், நாங்கள் எல்லோரும். "எங்கய்யா அந்தம்மா?" என்றார் பெரியவர். நாக்கு ஒட்டிக்கொண்டது. என் முதுகில் கை வைத்துத் தள்ள இப்போது யாருமில்லை. தாம்பாளத்தைக் கீழே வைத்தேன்.

"ரெஸ்ட்ல இருக்காங்களாம் மொதலாளி. நீங்க சொன்னதுதானாம். அவங்க நல்லதுக்குத்தானாம்."

நான் நின்ற இடம் மைக்குக்குப் பக்கம் என்பது எனக்குத் தெரியாது. கடை முழுக்கக் கேட்டுவிட்டது. பின்னால் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். பாயாகத்தான் இருக்கும். சின்னவர் என்னை முறைத்தார். பெரியவர் அவசரமாகப் பரிமளாவைத் தேடினார். "வாம்மா, நீயே வா, நேரமாவுது."

பரிமளா முன்னே வந்தாள். வாடிக்கையாளர் பணத்தை நீட்டினார். அவள் புதுக் கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

"இங்க உக்கார ஒரு ஸ்டூல்கூடப் போடலியே, மொதலாளி?"

நீட்டிய நோட்டு நீட்டியபடியே இருந்தது.